ஹார்டாங்கர் என்னும் பெயர் யாருக்குச் சொந்தம்?

பூத்தையலுக்கு வேண்டிய துணிகளை விற்கும் மேல்நாட்டுக் கடைகளில் ‘ஹார்டாங்கர் துணி’ என்று ஒரு வகை உண்டு. பாவும் ஊடையும் இரட்டை இரட்டை நூலாக ஓட, அங்குலத்துக்கு 22 இணைகள் விழும்படி நெய்த துணி அது. எந்த நாட்டு ஆலையிலும் அதை நெய்யலாம். எந்த வியாபாரியும் அப்பெயரிட்டு விற்கலாம். ஏன் என்று கேட்பார் இல்லை. ஆனால் நார்வே தேசத்துக் கடைவீதியில் ஒரு பெட்டி ஆப்பிளின்மேல் அதே ஹார்டாங்கர் பெயரை ஒட்டி, அந்நாட்டு ஆப்பிள் என்று விற்க வேண்டுமானால், எவரும் தம் விருப்பம்போல் செய்துவிட முடியாது. பழம் அந்த மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். வகுத்த விதிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இல்லையேல் அது சட்டவிரோதமாகும்.

பெயர் ஒன்றே. அதற்குப் புகழ் தேடித் தந்த கைகளும் ஒரே சீமையைச் சேர்ந்தவை. தோட்டத்தில் கணவன் வளர்த்த பழத்துக்கு அப்பெயர் அரணாக நின்றது. வீட்டுக்குள் மனைவி தைத்த துணியிலிருந்து அப்பெயர் நழுவி ஊர் சுற்றப் போய்விட்டது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? தறியையும் ஏரையும் நம்பி வாழ்ந்து, கூட்டுறவுச் சங்கங்களில் அங்கத்தினராக உள்ள நாம் இதனை ஆராய்வது வீண் வேலையாகாது என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் அந்தச் சீமையைச் சற்றுக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் துறைமுகத்துக்குத் தெற்கும் கிழக்குமாக, கடல் ஒரு நீண்ட கை நீட்டியதுபோல் மலைகளுக்கிடையே புகுந்து செல்கிறது. இத்தகைய உட்கடலை அந்நாட்டார் ஃபியோர்டு என்பர். ஹார்டாங்கர் ஃபியோர்டின் நீளம் 179 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 850 மீட்டருக்கும் மேல். பண்டைய நார்வே மொழியில் ‘ஆங்கர்’ என்பது குறுகிய உட்கடலைக் குறிக்கும். ‘ஹார்ட்’ என்பதற்குக் கடுமையானது என்று பொருள் கூறுவர். காற்றும் குளிரும் கடுமையாக இருந்ததால் இப்பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். கிழக்கே ஹார்டாங்கர்விட்டா என்னும் மாபெரும் மேட்டுநிலம், ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில், மரமின்றிப் பரந்து கிடக்கிறது. காட்டுக் கலைமான் கூட்டங்கள் அங்கே மேய்கின்றன. மேற்கே ஃபோல்கஃபொன்னா என்னும் பனிப்பாறைத் திட்டு, கோடையிலும் உருகித் தீராமல், மலைமுடியைப் போர்த்தியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, தெற்கு நோக்கிப் பிரியும் சோர்ஃபியோர்டு என்னும் கிளையின் இருகரைகளிலும், நீருக்கும் பாறைக்கும் இடையே ஒரு நாடா அளவு சரிவு நிலம். ஆப்பிள் தோட்டங்கள் எல்லாம் அந்த நாடாவின்மேல்தான் தொற்றிக்கொண்டிருக்கின்றன.

இடமோ வடக்கு அட்சரேகை 60 பாகையில் இருக்கிறது. கிரீன்லாந்தின் தென்முனையும் அதே பாகைதான். அங்கே பனிக்கட்டி, இங்கே பழம்! அட்லாண்டிக் மாகடலின் வெப்ப நீரோட்டம் நார்வேயின் கரையைத் தடவிச் செல்வதால் குளிர்காலம் இங்கே அவ்வளவு கொடியதாக இல்லை. ஆழமான ஃபியோர்டு கோடை வெப்பத்தைத் தன்னுள் வாங்கி வைத்து மெல்ல வெளிவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் மழையில் ஒரு பெரும்பகுதியை ஃபோல்கஃபொன்னா மலைத்தொடர் தன்மேலேயே தாங்கிக்கொள்கிறது. கோடையில் பகல் நெடியது, இரவு குளிர்ந்தது. ஆகவே பழம் மெல்லக் கனிகிறது. புளிப்பும் மணமும் அதில் தங்குகின்றன. மே மாதத்தில் தோட்டங்கள் வெண்மையாகப் பூத்து நிற்கும்போது, தலைக்குமேல் மலையிலும் வெண்மை. எது பூ, எது பனி என்று படகில் வருவோர் மயங்குவார்கள் என்றால் அது மிகையன்று.

இதில் வியப்பு என்னவென்றால், அரசாங்கத்தின் எந்த நிர்வாக ஏட்டிலும் ஹார்டாங்கர் என்று ஒரு தனி மாவட்டம் கிடையாது. செட்டிநாடு என்றும் நாஞ்சில் நாடு என்றும் நாம் வழங்குகிறோமே, அதுபோன்ற ஒரு வழக்குதான் இது. மக்கள் நாவில் இருக்கிறது. தாசில்தாரின் கோப்பில் இல்லை. உல்லென்ஸ்வாங், எய்ட்ஃபியோர்டு, உல்விக், குவாம் என ஊராட்சிகள் தனித்தனியே உள்ளன. 2020 ஜனவரி முதல் நாள் ஓட்டா, யொண்டால் ஆகியவற்றை உல்லென்ஸ்வாங்குடன் சேர்த்தார்கள். பழைய ஹார்டாங்கரைச் சேர்ந்த கிரான்வினை வொஸ் என்னும் அண்டை ஊராட்சியில் சேர்த்தார்கள். இவற்றையெல்லாம் உள்ளடக்கிய ஹோர்டலாந்து மாவட்டமே அதே நாளில் வேறொன்றோடு இணைந்து வெஸ்ட்லாந்து எனப் புதுப்பெயர் பெற்றது. எல்லைகள் இங்ஙனம் மாறிக்கொண்டிருக்க, ஹார்டாங்கர் என்னும் பெயர் மட்டும் அசையவில்லை. அரசாங்கம் கொடுக்காத பெயரை அரசாங்கம் எடுக்கவும் முடியாது போலும்.

அச்சீமையின் பழைய வாழ்வு செழிப்பானதன்று. நார்வே முழுவதிலுமே பயிரிடத்தக்க நிலம் நூற்றுக்கு மூன்று பங்குதான். ஹார்டாங்கரில் ஒரு குடும்பத்தின் நிலம் என்பது பல துண்டுகள்: நீரோரத்தில் ஒரு பாத்தி தானியம், சரிவில் புல், மலைமேல் கோடை மேய்ச்சலுக்கு ஒரு குடிசை. கோடையில் மாடுகளையும் ஆடுகளையும் மேலே ஓட்டிச் சென்று, அங்கேயே பாலைக் கடைந்து வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் செய்துகொண்டு இறங்குவர். சோர்ஃபியோர்டின் மேற்குக் கரையில் ஆகா என்று ஒரு பழைய குடியிருப்பு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பல குடும்பங்களின் வீடுகளும் களஞ்சியங்களும் தொழுவங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மரவீடு உள்ளது; நியாயம் வழங்கும் அதிகாரியாக இருந்த ஒருவரின் வீடு அது. வயல்களும் அக்காலத்தில் கலந்தே கிடந்தன. ஒருவருக்கு இங்கே ஒரு கீற்று, அங்கே ஒரு கீற்று. 19-ஆம் நூற்றாண்டில் சட்டமியற்றி நிலங்களை ஒன்றுசேர்த்துப் பிரித்தளித்தபோது, இத்தகைய குடியிருப்புகள் பெரும்பாலும் கலைந்து, ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்திலேயே தனி வீடு கட்டிக்கொண்டது.

நிலம் கைமாறாமல் காக்க அவர்களிடம் பழமையான ஒரு முறை உண்டு. ஓடல் உரிமை என்பது அதன் பெயர். குடும்ப நிலத்தை ஒருவர் வெளியாருக்கு விற்றுவிட்டால், அக்குடும்பத்தில் உரிமையுள்ளவர் குறித்த காலத்துக்குள் கிரயத்தைக் கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம். 1814-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே இவ்வுரிமையை ஒழிக்கலாகாது என்று பொறித்து வைத்தார்கள். ஆயினும் உரிமை சோறு போடாது. மூத்த பிள்ளைக்கு நிலம் போனபின் இளையவர்களுக்கு வழியில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் இச்சீமையை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினர்.

அங்ஙனம் நெருக்கடியில் இருந்த மக்களுக்குப் பழமரம் எங்ஙனம் கை கொடுத்தது என்பது தனிக்கதை. பெர்கனுக்குத் தெற்கே லீசெ என்னுமிடத்தில் 1146-இல் சிஸ்டெர்சியத் துறவிகள் ஒரு மடம் நிறுவினார்கள். இங்கிலாந்தின் ஃபௌண்டன்ஸ் மடத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். அம்மடத்துக்குச் சோர்ஃபியோர்டின் கிழக்குக் கரையில், லோஃப்ட்ஹூஸ் ஊரின் ஓப்பெடால் பகுதியில் நிலம் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் அத்துறவிகளே அங்குப் பழ மரங்களை வைத்துப் பராமரிக்கும் கலையைக் கொணர்ந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. மலைமேல் ஏறும் பாதையில் அவர்கள் அடுக்கியதாகச் சொல்லும் 616 கற்படிகள் இன்றும் உள்ளன. துறவிகள் போய்விட்டார்கள், மடம் இடிந்தது, மரம் மட்டும் நின்றது. பழத்தைப் படகில் ஏற்றிப் பெர்கன் சந்தைக்குக் கொண்டுபோவது பழைய வழக்கமாக இருந்தாலும், தோட்டத்தொழில் குடும்பத்தைத் தாங்கும் தொழிலாக வளர்ந்தது பிற்காலத்தில்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உல்விக் ஊரில் தோட்டக்கலைப் பள்ளி ஏற்பட்டது. அந்நூற்றாண்டின் நடுவில் லோஃப்ட்ஹூஸில் பழமர ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. இன்று நார்வேயில் விளையும் பழத்தில் ஐந்தில் இரு பங்கு ஹார்டாங்கரில் விளைவதாகச் சொல்வர்.

ஆனால் விளைவித்தால் மட்டும் போதுமா? அழுகும் பண்டத்தின் வேதனை விவசாயிக்குத்தான் தெரியும். எல்லாத் தோட்டங்களிலும் ஒரே மாதத்தில் பழம் பறிக்கப்படும். எல்லாப் படகுகளும் ஒரே துறைக்கு வரும். அன்று தரகர் சொன்னதே விலை. இதிலிருந்து மீள அவர்கள் கண்ட வழி, பழத்தைப் பொதுவில் சேர்ப்பது. ஊருக்கு ஊர் விவசாயிகளுக்கே சொந்தமான பழக் களஞ்சியங்கள் தோன்றின. பழம் அங்கே வந்து, தரம் பிரித்து, குளிரறையில் வைக்கப்பட்டு, சந்தைக்கு அளவாக வெளியேறும். 1930-இல் நார்வேயின் காய்கனி விளைவிப்போர் கார்ட்னர்ஹாலன் என்னும் கூட்டுறவு விற்பனை அமைப்பை நிறுவினர். அதே ஆண்டில் விளைபொருள் விற்பனையை ஒழுங்குசெய்யும் சட்டமும் பிறந்தது. உள்நாட்டுப் பழம் சந்தையில் இருக்கும் மாதங்களில் வெளிநாட்டு ஆப்பிள் வந்து குவியாதபடி அரசாங்கம் நெடுங்காலம் கட்டுப்பாடு வைத்திருந்தது. 1995-இல் உலக வாணிப ஒப்பந்தம் வந்தபின் அக்கட்டுப்பாடு சுங்கவரியாக மாறியது.

இத்தனைக்கும் பிறகுதான் பெயரைப் பற்றிய சட்டம் வந்தது. 2002-இல் நார்வே அரசாங்கம், உணவுப் பண்டங்களின் ஊர்ப்பெயர்களைக் காக்க ஒரு விதி இயற்றியது. ஓர் ஊரின் மண்ணாலும் நீராலும் மக்களின் பழக்கத்தாலும் ஒரு பண்டத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு என்று மெய்ப்பித்தால், அப்பெயரை அவ்வூராரைத் தவிரப் பிறர் பயன்படுத்தக் கூடாது. இவ்விதியில் நான் கவனித்த முக்கியமான அம்சம் ஒன்று உண்டு. விண்ணப்பம் செய்ய வேண்டியவர் தனி முதலாளி அல்லர், விளைவிப்போரின் அமைப்பு. எல்லை எது, எந்த வகைப் பழம், எந்தத் தரம் என்று விளைவிப்போர் தமக்குள் பேசி ஒத்துக்கொண்டு எழுதித் தர வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே களஞ்சியத்தில் பழம் சேர்த்துத் தரத்துக்காகச் சண்டையிட்டுப் பழகிய ஹார்டாங்கர் விவசாயிகளுக்கு இது புதிய வேலையன்று. அவர்கள் ஆப்பிள் முதலிய தங்கள் பழங்களுக்கு அப்பெயரைப் பெற்றார்கள். அதன்பின் சைடருக்கும் பெற்றார்கள்.

சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது. மதுவைப் பற்றி இவ்விதழில் எழுதுவது நம் அங்கத்தினர் பலருக்கு உவப்பாக இராது என்பதை அறிவேன். நார்வேயும் மதுவிலக்கை அறியாத நாடன்று. 1919-இல் மக்கள் வாக்கெடுத்துச் சாராயத்தை விலக்கி, 1926-இல் மீண்டும் வாக்கெடுத்து அவ்விலக்கை நீக்கினார்கள். பிறகும் மது விற்பனை பெரும்பாலும் அரசாங்கக் கடைகளின் கையிலேயே இருக்கிறது. 2016-இல்தான் சிறு தோட்டக்காரர் தாம் வடித்த சைடரைத் தம் தோட்டத்திலேயே விற்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. குடிப்பதன் நன்மை தீமையை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், சந்தைக்கு ஆகாத பழமும் அதனால் விலைபோகிறது. ஹார்டாங்கர் சைடர் என்று பெயரிட அச்சீமையின் ஆப்பிளே வேண்டும் என்பதால், அந்த விலை வேறெங்கும் போகாமல் அச்சீமையிலேயே தங்குகிறது.

இனி, துணியின் கதைக்கு வருவோம்.

மேற்கு நார்வேயின் பெண்கள் நெடுங்காலம் சுவரில் சாய்த்து நிறுத்தும் தறியில் நெய்தவர்கள். பாவு நூல்களின் கீழ்முனையில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டு, நின்றுகொண்டே நெய்வார்கள். ஊடையை மேல்நோக்கி அடிப்பார்கள். நம் குழித்தறியில் காலால் மிதித்துப் பழகியவருக்கு இது விந்தையாகத் தோன்றும். கம்பளி நூலில் சதுரம் சதுரமாக வண்ணம் பிரித்து நெய்த போர்வைகள் அத்தறியில் உருவாயின. அவை படுக்கைக்கும் திருமணத்துக்கும் சவ அடக்கத்துக்கும்கூடப் பயன்பட்டன. எனினும் ஹார்டாங்கரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது அந்தக் கம்பளிப் போர்வையன்று; வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் செய்த பூத்தையல்.

அத்தையலின் முறையை நெசவாளர்க்கு விளக்குவது எளிது. பாவும் ஊடையும் சம எண்ணிக்கையில் உள்ள துணி வேண்டும். எண்ணிக்கை பிசகினால் சதுரம் கோணும். நான்கு இழைகளின்மேல் ஐந்து தையல் என்ற கணக்கில் சிறு சிறு கட்டங்களாகத் தைத்துக் கரையை உறுதிப்படுத்துவார்கள். பிறகு அக்கட்டங்களுக்கு இடையே உள்ள இழைகளைக் கத்தரித்து உருவி எடுப்பார்கள். எஞ்சி நிற்கும் இழைகளை ஊசியால் சுற்றிப் பின்னிச் சிறு பாலங்களாக்குவார்கள். துணியில் சாளரங்கள் திறந்ததுபோல் இருக்கும். ஒரே ஓர் இழையைத் தவறாகக் கத்தரித்தால் பல நாள் உழைப்பு பாழ். ஹார்டாங்கர்ப் பெண்கள் பாவாடையின்மேல் முன்புறம் கட்டும் வெள்ளைத் துணியில் இவ்வேலை ஒரு பட்டையாக ஓடும். சிவப்பு ரவிக்கை, மணி கோத்த மார்புத் துணி, கீழே இந்த வெள்ளைப் பட்டை. இதுவே அச்சீமையின் உடை.

இவ்வுடைக்கு 19-ஆம் நூற்றாண்டில் யோகம் பிறந்தது. 1848-இல் டீடமான்ட், கூடெ என்னும் இரு ஓவியர்கள் சேர்ந்து, ஹார்டாங்கர் ஃபியோர்டில் மணமகள் படகில் செல்லும் காட்சியைத் தீட்டினார்கள். அப்படம் நார்வேயின் ஒவ்வொரு வீட்டிலும் அறிமுகமாயிற்று. சுவீடனோடு ஒரே மன்னரின்கீழ் இணைந்திருந்த தேசம், தனித்து நிற்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. தேசிய உடை என்று ஒன்று வேண்டியிருந்தபோது ஹார்டாங்கர் உடையையே எங்கும் எடுத்து உடுத்தினார்கள். ‘தேசியம்’ என்றே அதற்குப் பெயராயிற்று. பிற சீமைகளின் உடைகளுக்கும் மதிப்புத் தேடும் முயற்சி, 1903-இல் ஹுல்டா கார்போர்க் அம்மையார் உடையைப் பற்றி நூல் வெளியிட்ட காலத்திலிருந்துதான் வலுப்பெற்றது. உல்லாசப் பயணிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கி, ஞாபகார்த்தமாக இப்பூவேலையை வாங்கிச் சென்றனர். ஜெர்மனியிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் ‘ஹார்டாங்கர் வேலை’ கற்பிக்கும் புத்தகங்கள் அச்சாயின; அதற்கென்றே துணியும் நூலும் ஆலைகளிலிருந்து வெளிவந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போதே, அவ்வேலைக்கும் அந்தச் சரிவு நிலத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது.

இதில் குறைசொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஒரு கலை நாலு திசையிலும் பரவுவது பெருமைதானே? மேலும் ஹார்டாங்கர்ப் பெண்களும் இதைத் தாமே கண்டுபிடித்தவர்கள் அல்லர். இழை உருவித் தைக்கும் வேலை இத்தாலியில் ரெட்டிசெல்லா என்ற பெயரில் அவர்களுக்கு முன்பே இருந்தது. இது நியாயமான வாதமே. தையலைக் கற்பது களவன்று. கற்றவரைத் தடுப்பதும் நியாயமன்று. நான் வேறுபடுவது ஓரிடத்தில்தான். தையல் வேறு, பெயர் வேறு. ஹார்டாங்கர் என்ற சொல்லைக் கேட்டவுடன் வாங்குபவர் மனத்தில் எழுவது, பனிமலையின்கீழ் ஒரு கிராமத்துப் பெண் தைத்தது என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்காக அவர் கூடுதலாகத் தரும் காசு யாருக்குப் போகிறது? அந்தப் பெண்ணுக்கு அல்ல.

அவள் ஏன் அதைத் தடுக்கவில்லை? தடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. வீட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் முடிந்தபின் கிடைத்த நேரத்தில் தனியாக அமர்ந்து தைத்தவள் அவள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணும் அவ்வாறே தனியாகத் தைத்தாள். ஆப்பிளுக்குக் களஞ்சியம் வேண்டியிருந்தது, குளிரறை வேண்டியிருந்தது. அந்தத் தேவையே ஆண்களை ஒரு கூரையின்கீழ் சேர்த்தது. பூத்தையலுக்கோ ஒரு ஊசியும் ஒரு சாளரமும் போதும். அழுகாத பண்டமாதலால் அது அவர்களைச் சேர்க்கவில்லை. 1891-இல் தலைநகரில் குடிசைக் கைத்தொழில் சங்கம் ஒன்று ஏற்பட்டு, நாட்டுப்புறக் கைவேலைகளுக்கு மதிப்பும் விற்பனையும் தேடித் தந்தது உண்மை. அது நல்ல பணி. ஆனால் அது தேசம் முழுவதற்குமான அமைப்பு. ஹார்டாங்கர்ப் பெண்களின் கையில் இருந்த அமைப்பன்று. 2002-இல் பெயர் காக்கும் விதி வந்தபோதும், அது உணவுக்கு மட்டுமே. துணிக்கு அதில் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் நூறு ஆண்டு காலம் கடந்துவிட்டது. எங்கும் வழங்கிவிட்ட பெயரை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

பிடில் வாத்தியத்தின் கதையும் பாதி இப்படித்தான். வில் படும் நரம்புகளுக்கு அடியில் நாலைந்து கம்பிகள் தாமே ஒலித்து உடன் இசைக்கும் ஒரு வகைப் பிடிலுக்கு ஹார்டாங்கர் பிடில் என்றே பெயர். உல்லென்ஸ்வாங்கைச் சேர்ந்த யோஸ்டாட் என்பவர் செய்த பிடில் ஒன்று 1651 என்று தேதியிட்டதாக இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் குவாம் பகுதியில் ஈசாக் பொட்னென், அவர் மகன் துரோண்ட் ஆகியோர் செய்த பிடில்கள் நாடெங்கும் போயின. பிற்பாடு அத்தொழில் டெலமார்க் சீமையில் வேரூன்றியது. செய்தவர் மாறினர், பெயர் மாறவில்லை. எனினும் இங்கே எனக்கு அவ்வளவு மனக்குறை இல்லை. தச்சர் தம் பெயரைத் தம் வாத்தியத்தில் எழுதிவைத்தார், தையற்காரி எழுதவில்லை.

பெயரை விடப் பெரிய சொத்து ஒன்றும் அச்சீமையில் கைமாறியது. அது நீர்.

நார்வே சட்டப்படி ஆற்றின் கரைநிலம் யாருக்கோ, அங்கு விழும் அருவியின் விசையும் அவருக்கே. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அதற்கு மாவரைக்கும் ஆலையளவு மதிப்பே இருந்தது. மின்சாரம் வந்தவுடன் நிலைமை தலைகீழாயிற்று. முதல் போட்டவர்கள் தேசமெங்கும் சுற்றி விவசாயிகளிடம் அருவிகளை வாங்கினர். விற்றவருக்கு அது கல்லின்மேல் வீணே விழும் தண்ணீர். வாங்கியவருக்கு அது பொன். அச்சமுற்ற அரசாங்கம் 1906-இல் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதைத் திகில் சட்டம் என்றே மக்கள் அழைத்தனர். 1909-இலும் 1917-இலும் வந்த சட்டங்கள், தனியார் பெறும் உரிமை குறித்த காலம் முடிந்ததும் நஷ்டஈடின்றி அரசாங்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று விதித்தன. மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் முன்னமே கைமாறியவற்றை அது திருப்பவில்லை.

சோர்ஃபியோர்டின் தென்கோடியில் உள்ள ஓட்டா, அதுவரை பயணிகள் வந்து தங்கும் அழகிய சிற்றூர். ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மும் தம் கப்பலில் வந்து போனதுண்டு. பக்கத்தில் உள்ள டிஸ்ஸெடாலில் 1906-இல் மின்நிலைய வேலை தொடங்கியது. 1908-இல் ஓட்டாவில் கார்பைடு உலை எரியத் தொடங்கியது. அக்காலத்தில் அது உலகின் மிகப் பெரிய கார்பைடு ஆலைகளுள் ஒன்று. இரட்டைச் சரடாக விழுந்த டிஸ்ஸெ அருவி குழாய்களுக்குள் போயிற்று. சிற்றூர் தொழில் நகரமாயிற்று. நிலமில்லாத இளையவர்கள் அமெரிக்கா போகாமல் கூலி பெற்றார்கள். இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் துத்தநாக ஆலை முதலியவற்றின் கழிவு பல பத்தாண்டுகள் ஃபியோர்டில் கலந்து, உலோக நஞ்சால் மிகக் கெட்ட உட்கடல்களுள் ஒன்று என்று சோர்ஃபியோர்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1986 முதல் துத்தநாக ஆலையின் கழிவு மலைக்குள் குடைந்த குகைகளில் அடைக்கப்படுகிறது. கார்பைடு ஆலை 2003-இல் மூடப்பட்டது. டிஸ்ஸெடாலின் பழைய மின்நிலையம் 1989-இல் ஓய்வுபெற்று இன்று காட்சிச்சாலையின் பகுதியாக நிற்கிறது. தோட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பின்னால் வந்தவர்கள் சற்று விழித்துக்கொண்டார்கள். எய்ட்ஃபியோர்டின் மேலே 182 மீட்டர் விழும் வோரிங் அருவியின் நீரையும் மின்சாரத்துக்குத் திருப்பியபோது, கோடையில் வினாடிக்கு 12 கன மீட்டராவது அருவியில் விழவேண்டும் என்று நிபந்தனை வைத்துக்கொண்டார்கள். 2010-இல், எய்ட்ஃபியோர்டின் சீமா மின்நிலையத்திலிருந்து மலைகளின் குறுக்கே உயர்ந்த கம்பங்கள் நட்டுக் கம்பி இழுக்க அரசாங்கம் அனுமதித்தபோது பெரும் கிளர்ச்சி எழுந்தது. கம்பியை நீருக்கடியில் கொண்டுபோங்கள் என்றார்கள் மக்கள். அவற்றை ‘பூதக் கம்பங்கள்’ என்று ஏசினார்கள். அரசாங்கம் நிபுணர்களைக் கொண்டு மறுபடி ஆராய்ந்து, 2011-இல் பழைய முடிவையே உறுதிசெய்தது, கம்பங்கள் எழுந்தன. மக்கள் தோற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் தேசம் முழுவதும் அவர்களுக்காகப் பேசியதற்குக் காரணம் அந்தப் பெயர்தான். பெயரில்லாத ஒரு பள்ளத்தாக்கில் கம்பம் நட்டிருந்தால் தலைநகரில் யார் கூடியிருப்பார்கள்?

2013-இல் ஃபியோர்டின் குறுக்கே தொங்கு பாலம் கட்டி முடித்தார்கள். தூண்களுக்கிடையே 1,310 மீட்டர். படகுக்காகக் காத்திருந்த பழைய நாள் போயிற்று. பழவண்டி இப்போது பாலத்தின்மேல் ஓடுகிறது. 2020-இல் ஊராட்சிகள் இணைந்ததன் பயனாக, ஓட்டாவின் உலைகளும் லோஃப்ட்ஹூஸின் தோட்டங்களும் ஒரே சபையின்கீழ் வந்துவிட்டன. உலைக்கும் மரத்துக்கும் இனி ஒரே மேசையில் வரவுசெலவு போட வேண்டும். அவர்கள் அதை எப்படிப் போடுவார்கள் என்பதை நான் ஆவலோடு கவனித்து வருகிறேன்.

ஊட்னெ என்னும் ஊரில் 1911-இல் நிறுவிய ஹார்டாங்கர் நாட்டுப்புறக் காட்சிச்சாலை இருக்கிறது. பழைய வெள்ளைத் துணிகள் அங்கே பத்திரமாக உள்ளன. மே 17-ஆம் நாள், அவர்களுடைய அரசியல் சட்டத் திருநாளில், பெண்கள் அதே வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். அன்று தோட்டங்களிலும் பெரும்பாலும் பூக்காலம். அந்தப் பூ காயாகிப் பழமாகிப் பெட்டியில் ஏறும்போது அதன்மேல் ஊர்ப் பெயர் இருக்கும். அப்பெயரைப் பிறர் தொட முடியாது. இடுப்பில் கட்டிய துணிக்கு அத்தகைய காவல் இல்லை. பல மாதம் இருந்து அதைத் தைத்தவளுக்கும், ஆலைத் துணியில் அதேபோல் அச்சிட்டு விற்பவனுக்கும், கடைச் சீட்டில் ஒரே பெயர்தான்.